அவர் சொல்ல வேண்டியது

காவலர் வேலை கேட்டுப் போன பாதுகாப்பு முகமையில் மேலாளர் கேட்டது அவரைத்தான். "நடுவில் நான்கு வருடம் எங்கே இருந்தீர்கள்?" ஹவில்தார் தொண்டையைச் செருமினார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "மதுரை மத்திய சிறையில் இருந்தார், சார். வரப்புத் தகராறு, கைகலப்பு."

மேசைமேல் அவருடைய ராணுவ டிஸ்சார்ஜ் புக் இருந்தது. மழைக்குப் பயந்து பாலிதீன் உறையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பதினேழு வருடச் சேவை. நடத்தைக்கு எதிரே 'எக்ஸம்ப்ளரி', அதாவது முன்மாதிரியானது, என்று எழுதியிருந்தது. மேலாளர் அதை மூடி, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். மரியாதையில் குறை வைக்கவில்லை.

நான் மறைத்திருந்தாலும் போலீஸ் சரிபார்ப்பில் தெரிந்திருக்கும். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தில் 10ஆம் பிரிவு, ராணுவத்தில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது. நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரைக் காவலராக வைக்கக் கூடாது என்பதும் அதே பிரிவுதான். ஆகவே நான் சொன்னதால் வேலை போகவில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன்.

ஆனால் அந்தப் பிரிவை நான் முன்பே படித்திருந்தேன். பிறகு எதற்கு அவருக்குச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி அங்கே கூட்டிக்கொண்டு போனேன்? பட்டாளத்துக்காரர் என்றால் யாராவது மனமிரங்குவார்கள் என்ற நப்பாசைதான். அது அவர்மேல் வைத்த நம்பிக்கையா, என் சாமர்த்தியத்தின்மேல் வைத்ததா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அவர் கேட்டார்: "நான் சொல்லமாட்டேன் என்று நினைத்துவிட்டீர்களா, தம்பி?"

"இல்லை அண்ணே, நீங்கள் சங்கடப்படக் கூடாது என்றுதான்..."

"கோர்ட்டிலும் வக்கீல்தான் எனக்காகப் பேசினார்."

அதற்குமேல் திருமங்கலம் வரை அவர் வாய் திறக்கவில்லை. நின்றுபோன பென்ஷனுக்கு மனு எழுதியது, உறவினர் வீட்டில் தங்க இடம் கேட்டது எல்லாவற்றிலும் நான்தான் பேசியிருந்தேன். அவருக்காக ஓடுகிறேன் என்ற நினைப்பில் அவர் முகத்தைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. அன்று முந்திக்கொண்டதும் அந்தப் பழக்கம்தானோ? பேசாமல் இருந்திருந்தால் அதுவும் கைவிட்டதாக ஆகியிருக்குமோ?

போன வாரம் வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுத ஆள் கேட்டார்கள். "நீங்கள் டீக்கடையில் இருங்கள், தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். உள்ளே என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கலாமா என்றும் தெரியவில்லை.