என்பி முன்பாகம், என்ஏ வண்டி: ஒரு சப்ஃப்ரேம் மாற்றம்

2 மார்ச் 2024, சனி

உதிரிபாகம் எடுக்க வாங்கிய டோனர் வண்டி வந்துவிட்டது. 1999 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 எஞ்சின். இரண்டாம் தலைமுறை, அதாவது என்பி. எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையில் தேறவில்லை. பிரிட்டனில் என்பி வைத்திருப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை: முன்பக்க சேஸிஸ் ரெயில், அதாவது பாடியின் அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம். அடுக்குத் தகடுகளுக்கு நடுவே தண்ணீரும் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பும் தங்கி, உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியே பெயிண்ட் ஜோராக இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், பிடி வரைக்கும் போனது.

ஆனால் அதே வண்டியின் முன் சப்ஃப்ரேம், அதாவது எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கப் பாடியின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் சட்டம், கனத்த இரும்பு. மேலாகத் துரு படிந்திருக்கிறதே தவிர, சுத்தியலால் தட்டினால் கணீரென்கிறது.

என் 1990 யூனோஸ் ரோட்ஸ்டர் (முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் ஜப்பான் பெயர், அதாவது என்ஏ) இதற்கு நேர் எதிர். பாடி நன்றாக இருக்கிறது, சப்ஃப்ரேம்தான் கோணல். முன்பு யாரோ நடைபாதை விளிம்பில் பலமாக மோதியிருக்கிறார்கள். சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் இடது பக்கக் கேம் போல்ட்டைக் கடைசி வரை திருப்பினாலும் கேம்பர், அதாவது சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு, சரிக்கு வருவதில்லை. அதனால் டோனரின் சப்ஃப்ரேமை இதில் மாட்டப் போகிறேன்.

9 மார்ச், சனி

டோனரைப் பிரிக்கும் வேலை. எல்லாம் கழன்றது, கீழ் விஷ்போனின் (சக்கரத்தைச் சப்ஃப்ரேமோடு இணைக்கும் கை) கேம் போல்ட்டுகளைத் தவிர. இந்த வண்டிகளின் பிறவி வியாதி இது. போல்ட் துருவேறி, ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு ஒன்றாகிவிடும். ஸ்பேனரைப் போட்டால் போல்ட் சுற்றுவது போல இருக்கும்; உண்மையில் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பி வரும். எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் விட்டேன், சூடு காட்டினேன், மசியவில்லை. பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் மெல்லிய ரம்பத்தை விட்டு அறுத்தேன். ரப்பர் கருகிய நாற்றம் இன்னும் சட்டையில் இருக்கிறது. எப்படியும் புதுப் புஷ் போடுவதுதான் திட்டம், அதனால் நஷ்டமில்லை. புது கேம் போல்ட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.

16 மார்ச், சனி

டோனரின் சப்ஃப்ரேமுக்கு அடித்த பெயிண்ட் காயட்டும் என்று விட்டிருக்கிறேன். நண்பன் வந்தான். “மச்சான், வெறும் ஃப்ரேமை மட்டும் மாத்திட்டு, உன் பழைய ராக், நக்கிளையே போட்டா என்ன? பாதி வேலை மிச்சமாச்சே?” என்றான்.

நியாயமான கேள்விதான். ராக் என்பது ஸ்டீயரிங் திருப்பலை டை ராட் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பல்சட்டம்; நக்கிள் என்பது சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் துண்டு. இரண்டு தலைமுறைக்கும் வீல்பேஸ் ஒன்றே, 2,265 மி.மீ. சப்ஃப்ரேம் பாடியில் உட்காரும் இடமும் ஒன்றே. ஆனால் என்பியில் ஸ்டீயரிங் ராக் உட்காரும் இடத்தையும் நக்கிளையும் மாஸ்டா மாற்றியிருக்கிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது விஷ்போன் ஒரு வளைவில் போகும், டை ராட் இன்னொரு வளைவில் போகும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் ஒவ்வொரு மேட்டுக்கும் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பும். பம்ப் ஸ்டீர் என்பது அதுதான். இதில் பாதி, அதில் பாதி என்று கலந்தால் அந்தக் கணக்கு நம் கையில் இல்லை. ஹப் முதல் ராக் வரை ஒரே வண்டியிலிருந்து முழு செட்டாக எடுப்பதுதான் என் கட்சி. தனி ஃப்ரேமை ஏற்றி மிச்சம் பிடிப்பது எனக்கு மிச்சமாகத் தெரியவில்லை.

“அப்போ என்சி?” என்றான். 2005-இல் வந்த என்சி வேறு குடும்பம், ஆர்எக்ஸ்-8 வழி வந்தது. பேச்சுக்கே இடமில்லை.

29 மார்ச், புனித வெள்ளி

இறக்கி ஏற்றியாயிற்று. முதுகு எனக்குச் சொந்தமில்லை.

இந்த வண்டியில் கியர்பாக்ஸுக்குத் தனி மவுண்ட் கிடையாது. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீள அலுமினிய ஃப்ரேம் இணைக்கிறது. முன்னால் எஞ்சினைத் தாங்குவது சப்ஃப்ரேமில் இருக்கும் இரண்டு ரப்பர் மவுண்ட்டுகள் மட்டும்தான். சப்ஃப்ரேமை எடுத்தால் எஞ்சினுக்குக் கீழே காற்றுதான். அதனால் மேலே குறுக்குக் கம்பி வைத்து எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டோம். ஸ்டீயரிங் சுற்றிவிடாமல் பூட்டிவிட்டு, ஷாஃப்ட்டில் பெயிண்ட் அடையாளம் வைத்துக் கழற்றினேன். டிராலி ஜாக்கி மேல் பலகை, பலகை மேல் சப்ஃப்ரேம், அப்படியே இறங்கியது. புதியது ஏறும்போது போல்ட் துளைகள் கைவிரலாலேயே பிடித்துக்கொண்டன. என் வண்டியின் 1.6 எஞ்சினின் மவுண்ட்டுகளும் முணுமுணுக்காமல் உட்கார்ந்தன.

புஷ் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போது டைட் செய்யக் கூடாது. ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் முறுகி, சீக்கிரம் கிழியும். சக்கரங்களுக்குக் கீழே கட்டை கொடுத்து, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு.

31 மார்ச், ஞாயிறு

பிரேக். பழைய முன் டிஸ்க் 235 மி.மீ., இப்போது வந்திருப்பது 255. பழைய 14 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்குகிறது. பிந்திய ஸ்போர்ட் மாடலின் 270 வந்திருந்தால் 15 அங்குலம் வாங்க வேண்டியிருக்கும். பின்னால் இன்னும் 231-தான், எனவே பிரேக் பலம் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. முன்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்வது ஆபத்தில் குறைந்தது என்றாலும், டோனரின் பின் பிரேக்கையும் மாற்றிவிடுவேன்.

6 ஏப்ரல், சனி

அலைன்மென்ட் முடிந்தது. இரண்டு பக்கமும் கேம்பர் மைனஸ் ஒரு டிகிரி. இடது கேம் போல்ட்டில் இன்னும் திருப்ப இடமும் இருக்கிறது. மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை இழுக்கவில்லை.

இன்சூரன்ஸுக்கு போன் போட்டேன். மாற்றம் செய்தால் சொல்லியாக வேண்டும். முன் சப்ஃப்ரேம், ராக், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் பிந்திய மாடலுடையது என்றேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டியலில் சப்ஃப்ரேம் என்று ஒன்றே இல்லை, “மேம்பட்ட பிரேக்” என்று மட்டும் போடட்டுமா என்றார். மற்றதைக் குறிப்பாகவாவது எழுதச் சொல்லி, மின்னஞ்சலில் உறுதிமொழி வாங்கி வைத்திருக்கிறேன்.