தக்லெஸ்

இஸ்ரேலின் ரெகோவோத் நகரில் ஓர் உயிரியல் ஆய்வகத்தில் நான் பணிக்குச் சேர்ந்த புதிது. வாராந்திரக் கூட்டத்தில், முந்தைய ஆய்வுகள், செய்முறை, அளவீடுகள் என்று முறையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் இடைமறித்து, "தக்லெஸ்?" என்றார். விஷயத்துக்கு வா என்று பொருள். எனக்குச் சுருக்கென்றது; மீதிப் படங்களைத் தாண்டிக் கடைசி வரைபடத்துக்கே போய்விட்டேன்.

அன்று மாலை, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பேசும் வீட்டில் வளர்ந்த எங்கள் ஆய்வக உதவியாளர் அம்மையாரிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். சோதனைக் குழாய்களில் குறியிடும் பேனாவை எடுத்து, காகித நாடாவில் வலமிருந்து இடமாக ஐந்து எபிரேய எழுத்துகள் எழுதினார்: தாவ், காஃப், லாமெத், யோத், மறுபடியும் தாவ். எபிரேய வகுப்பில் கற்றபடி "தக்லீத்" என்று படித்தேன். "என் அம்மா இதையே தக்லெஸ் என்று படிப்பார்" என்றார்.

தக்லீத் பழைய எபிரேயச் சொல். யோபு புத்தகத்தில் எல்லை, முடிவு என்ற பொருளில் வருகிறது, பின்னாளில் நோக்கம் என்றும் ஆனது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் கடைசித் தாவை 'ஸ்' என்றே ஒலித்தார்கள். யூதர்களின் ஓய்வுநாளான சபாத் அவர்கள் வாயில் ஷாபெஸ் ஆனதும் அப்படித்தான். அழுத்தமும் முதல் அசைக்கு நகர்ந்தது. இத்திஷில் அந்தச் சொல் சந்தைக்கும் கல்யாணப் பேச்சுக்கும் இறங்கி, 'காரியம்', 'கைக்கு வரும் பலன்' என்ற பொருளை ஏற்றது. எபிரேயம் மீண்டும் பேச்சுமொழியானபோது, ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்களின் செபராதி மரபையொட்டித் தாவை எங்கும் 'த்' என்றே ஒலிப்பதென்று ஆயிற்று. ஆயினும் இத்திஷ் பேசியவர்களோடு தக்லெஸ் எபிரேயத்துக்குள் திரும்பி வந்து, தன் மூலச்சொல்லின் பக்கத்திலேயே வேறொரு சொல்லாக அமர்ந்துகொண்டது. இன்று தக்லீத் என்றால் வாழ்வின் நோக்கம். தக்லெஸ் என்றால் வேலை முடிந்ததா என்பது.

அதன்பிறகு அந்தக் கேள்வி எனக்கு அவமதிப்பாகத் தோன்றவில்லை. என் உரைகளையும் முடிவிலிருந்தே தொடங்கினேன். இப்போது குறுஞ்செய்திகளில் பலர் கடைசித் தாவுக்குப் பதில் 'ஸ்' ஒலிக்கான சாமெக் எழுத்தைப் போட்டு, ஒலிக்கிறபடியே எழுதுகிறார்கள். அம்மையாருக்கு அதில் வருத்தம், எனக்கும்தான். சொல் வந்த வழிக்குச் சாட்சியாக இருப்பது அந்த ஓர் எழுத்துதான்.