மலையில் பேரல், சேலத்தில் போன்: காபி நொதித்தல் அறையைத் தொலைவிலிருந்து இயக்குவது

ஏற்காட்டில் காபி அறுவடை நவம்பர் வாக்கில் தொடங்கி பிப்ரவரி வரை இழுக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், அந்த மாதங்களின் இரவுக் குளிர், காபிக் கொட்டையில் ஒட்டிய பிசினைக் கரைக்கும் நொதித்தலை மந்தமாக்கிவிடும். திறந்த தொட்டியில் ஊறவைக்கும் தோட்டங்களுக்கு இது பழகிய கணக்கு. காற்றுப் புகாத பேரலில் லாட் லாட்டாக (தனித்தனித் தொகுதியாக) நொதிக்க வைப்பவர்களுக்குத்தான் வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் அறை தேவை. அறை மேலே, வியாபாரம் சேலத்தில், நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரி ஒரு டிகிரி கூட்டுவதற்காக யாரும் மலையேறப் போவதில்லை.

ஆனால் ஹீட்டரையும் கூலரையும் எப்போது ஓட்டுவது என்று முடிவெடுக்கும் வேலை, அறைச் சுவரில் மாட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டியிடமே இருக்க வேண்டும். எத்தனை டிகிரி வேண்டும் என்று சொல்வதும், நடப்பதைப் பார்ப்பதும் மட்டும் போனின் வேலை. ஹீட்டரையே நெட் வழியாக ஆன், ஆஃப் செய்யும் அமைப்பில், ஆன் போய்ச் சேர்ந்து ஆஃப் சேராத ஒரு ராத்திரி கட்டாயம் வரும். இத்தகைய கருவிகள் செய்தி அனுப்பிக்கொள்ளும் முறையான எம்க்யூடிடி-யில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ரீடெயின் (வைத்திரு) என்று குறி போட்டு அனுப்பிய கட்டளையை, நடுவே செய்தி கடத்தும் சர்வரான புரோக்கர் வைத்துக்கொண்டே இருக்கும். லைன் திரும்பியதும் பழைய கட்டளை மறுபடி வந்து இறங்கும். இலக்கு வெப்பநிலைக்கு ரீடெயின் போடலாம், ஹீட்டர், கூலரை ஆன், ஆஃப் செய்யும் மின் ஸ்விட்சான ரிலேவுக்குப் போடவே கூடாது.

பெட்டிக்குள் பலரும் கையாளும் கூட்டணி: வைஃபை உள்ள குட்டிக் கணினியான ஈஎஸ்பி32 போர்டு, அதை இயக்க ஈஎஸ்பிஹோம் மென்பொருள், திரையில் பார்ப்பதற்கு ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள். ஈஎஸ்பிஹோமைப் போட்டதும் முதலில் பார்க்க வேண்டியது ரீபூட் டைம்அவுட் என்ற அமைப்பு. வைஃபையோ ஹோம் அசிஸ்டன்ட் இணைப்போ 15 நிமிடம் கிடைக்காவிட்டால் போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு. மழைக்கு லைன் போனால் விடிய விடிய கால் மணிக்கு ஒருமுறை ரிலே விழுந்து எழும். வைஃபை, ஏபிஐ (ஹோம் அசிஸ்டன்ட் இணைப்பு) இரண்டிலும் அந்த மதிப்பைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். கூடவே தெர்மோஸ்டாட் பகுதியில் கூலரின் கம்ப்ரசருக்குக் குறைந்தபட்ச ஓய்வாக 5 நிமிடம் கொடுத்து, ஸ்டார்ட்அப் டிலேயையும் ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போய் உடனே வரும்போது, உள்ளே அழுத்தம் இறங்காத கம்ப்ரசர் முக்கி நிற்கும்.

வெப்பநிலை சென்சார் ஒன்று போதாது. பேரலுக்குள் மட்டும் வைத்தால், நூறு கிலோவுக்கு மேலான சரக்கு மெதுவாகச் சூடேறுவதால் ஹீட்டர் வெகுநேரம் ஓடி, நின்ற பிறகும் சூடு இலக்கைத் தாண்டும். காற்றில் மட்டும் வைத்தால், நொதித்தல் தானே கிளப்பும் சூடு கண்ணில் படாது. இரண்டிலும் வைத்து, பேரலுக்குள் காட்டும் வெப்பநிலையைக் கொண்டு அறைக் காற்றின் இலக்கை நகர்த்துவதே சரி. பீர் தயாரிப்பவர்களுக்காக எழுதப்பட்ட ப்ரூபை என்ற மென்பொருள் இதே முறையில்தான் ஓடுகிறது.

டிஎஸ்18பி20 சென்சார் மலிவு, நீளமான வயருக்கும் தாங்கும், 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். ஆனால் அது சொல்லும் இரண்டு பொய்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சப்ளை தடுமாறி, அளந்து முடிக்கும் முன்பே படித்தால் 85 டிகிரி என்று காட்டும். வயர் விட்டுப்போனால், அதைப் படிக்கும் ஆர்டுயினோ லைப்ரரி மைனஸ் 127 தரும். முதலாவதை நம்பினால் கூலர் விடாமல் ஓடும். இரண்டாவதை நம்பினால் ஹீட்டர் நிற்கவே நிற்காது. 5-க்குக் கீழும் 45-க்கு மேலும் வரும் எதையும் தள்ளிவிட்டு, தொடர்ந்து மூன்று முறை அப்படி வந்தால் இரண்டு ரிலேக்களையும் விழவைக்க வேண்டும். தவறு பெரும்பாலும் ஈரம் ஏறிய ஜாயின்டில்தான் இருக்கும்.

எப்படி எழுதினாலும் போர்டில் ஓடும் புரோகிராம் ஒருநாள் தொங்கி நிற்கும். அதனால் ஹீட்டர் லைனில் 50 டிகிரியில் துண்டிக்கும், கையால் மட்டுமே ரீசெட் ஆகும் தெர்மல் கட்அவுட் ஒன்று தொடராக இருக்கட்டும். நீல நிற 10 ஆம்பியர் ரிலேவைக் கம்ப்ரசருக்கு நேராகக் கொடுத்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். நடுவே காண்டாக்டர் என்ற கனமான ஸ்விட்ச் வேண்டும்.

மொபைல் சிம்மில் ஓடும் ரவுட்டருக்குப் பெரும்பாலும் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக அணுகக்கூடிய நெட் முகவரி) கிடைக்காது, ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியிலிருந்து நுழையும் வழி எடுபடாது. எடுபட்டாலும் அது ஆபத்து. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (தனிப் பாதுகாப்பு இணைப்பு), அல்லது டெலிகிராமில் தானாகச் செய்தி அனுப்பும் பாட் போதும்; இரண்டும் உள்ளிருந்து வெளியே இணைபவை. அலாரம் அடிக்க வேண்டுமா என்று பார்க்கும் இடம் சேலத்தில் இருக்க வேண்டும். செத்த பெட்டி 'நான் செத்துவிட்டேன்' என்று சொல்லாது. மேலிருந்து 10 நிமிடம் செய்தி வராவிட்டால் கீழே மணி அடிக்கட்டும். ரிலே மாறும்போதெல்லாம் செய்தி அனுப்பும் பாட்டை ரெண்டாம் நாளே மியூட் செய்துவிடுவார்கள்.

புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை மட்டும் போனுக்குக் கொண்டுவர அவசரப்பட வேண்டாம். பிசினில் கிடக்கும் ப்ரோப் சீக்கிரம் அழுக்கேறித் தவறான அளவு காட்டும். பக்கத்தில் ரிலே அடித்தால் அளவு குதிக்கும். பிஎச் 4, 7 பஃபர் கரைசல்களில் சரிபார்த்த கை மீட்டரால் காலை, மாலை அளந்து, அந்த எண்ணைத் தோட்டத்தில் இருப்பவரே திரையில் பதிவது நம்பகமானது. பிஎச் 4-ஐ நெருங்கினால் கொட்டையை உடனே கழுவி, உலர்த்தும் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குக் கீழே போனால் கோப்பையில் வினிகர் வாடை. பேரல்கள் விடும் கரியமில வாயு தரையோடு தங்கும். மீட்டரோடு உள்ளே போகிறவர் கதவைத் திறந்து ஃபேன் போட்டுச் சற்று நேரம் விட்டுத்தான் நுழைய வேண்டும். அந்த ஃபேன் ஸ்விட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும், போனில் வேண்டாம்.