கழுத்தில் பிறந்த கவசச் சொல்

நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைத் தையல் படங்களாகச் சொல்லும் நீளமான பழைய துணி, பாயோ திரைச்சீலை. அதில் என்னால் மறக்க முடியாத ஒரு காட்சி உண்டு. 1066 படையெடுப்புக்காக, வட பிரான்சின் நார்மண்டிக்காரர்களான நார்மன்கள் கப்பலில் சாமான் ஏற்றுகிறார்கள். இரும்பு வளையங்கள் கோத்த சட்டை ஒன்றின் இரு கைகளுக்குள்ளும் கழியை நுழைத்து, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று தோளில் வைத்துச் சுமந்து போகிறார்கள். அத்தனை கனம்.

அந்தச் சட்டைக்கு ஆங்கிலத்தில் ஹாபெர்க் என்று பெயர். வேர் ஜெர்மானியச் சொல்: ஹால்ஸ் என்றால் கழுத்து, பெர்க் என்றால் காப்பது. ஆக, வெறும் கழுத்துக்காப்பு! இன்றும் ஜெர்மனில் கழுத்து ஹால்ஸ்தான்.

ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து பழைய பிரெஞ்சுக்கு வந்ததும் 'ஹால்ஸ்பெர்க்' 'ஹௌபெர்க்' ஆனது. மெய்க்கு முன் வரும் லகரத்தை உகரமாக்குவது பிரெஞ்சின் பழக்கம். லத்தீனின் 'ஆல்தெர்' அங்கே முதலில் 'ஔத்ர்' ஆகி, பிறகு 'ஓத்ர்' ஆனதும் இப்படித்தான். பொருளும் கழுத்திலிருந்து இறங்கி முழங்கால் வரை உடம்பையே மூடிக்கொண்டது. அப்புறம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலியக் கிளை. அங்கே அது உஸ்பெர்கோ. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் 'தெய்வீக நாடகம்' காவியத்தின் 'நரகம்' பகுதியில், 28ஆம் காண்டத்தில் 'அஸ்பெர்கோ' என்று எழுதுகிறார், ஆனால் இரும்புச் சட்டையைப் பற்றி அல்ல. தன்மேல் களங்கமில்லை என்று அறிந்த மனசாட்சி அணிந்திருக்கும் கவசம் அது. இரண்டு பேர் கழியில் சுமந்த கனம் அந்த வரியில் எங்கே போயிற்று! படிக்கும்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறேன்.