ஒட்டாத சாயம்

டீச்சர் காலமான செய்தி நம் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்கு வந்தபோது என் இரண்டு கைகளிலும் ரப்பர் உறை. பேரனும் அவன் கூட்டாளிகள் மூவரும் சாயம் போட பனியன்களை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனை இரவில்தான் பார்த்தேன்.

புதன்கிழமை கடைசி இரண்டு பாடவேளை, துணியைக் கட்டிச் சாயம் போடும் டீச்சரின் வகுப்பு. சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். அந்த நீல வாளி, பெஞ்சில் விரித்த பழைய செய்தித்தாள், "முடிச்சு இறுகணும், நூல் அறுந்தாலும் பரவாயில்லை" என்ற குரல். கூழாங்கல் வைத்துக் கட்டினால் வட்டம், விசிறி மடிப்புக்கு வரி. பிரிக்கும் நாளில் மட்டும் வகுப்பு வாய் திறக்காது.

என் சட்டை அலச அலச வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு ரோஸ் கறை. டீச்சர் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "இவன்கிட்ட எதுவும் ஒட்டாது." வகுப்பே சிரித்தது. இதைப் படிக்கிற சிலரும்தான். பெயர் சொல்ல மாட்டேன்.

அது டெரிலின் என்ற செயற்கை இழைச் சட்டை. பருத்திக்கான சாயம் அதில் பிடிக்காது. 1956-இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தி இழையோடு வேதியியலாகவே பிணைந்துவிடும். ஆனால் சலவைச் சோடாவில் ஊறிய துணி வேண்டும், ஈரம் காயாமல் ஒரு நாள் பொறுக்க வேண்டும். பலரும் வினிகர் ஊற்றுகிறார்கள். பருத்திக்கு அதனால் பயனில்லை. இதையெல்லாம் பேரனுக்காக இப்போதுதான் படித்தேன்.

டீச்சருக்குத் தெரியாமலா இருக்கும்? மணி அடித்து எல்லோரும் போனபின் கூப்பிட்டு, ஒரு முழம் வெள்ளைப் பருத்தித் துணியைக் கையில் வைத்தார். "துணிதான்டா சரியில்லை. இதுல கட்டிக்கொண்டு வா." அதை வகுப்பு முன்னால் சொல்லியிருக்கலாமே என்ற கோபத்தில் துணியை மேசைக்குள் திணித்துவிட்டுப் போனேன். அந்த வருடம் பள்ளியை விட்டேன், அப்புறம் நாட்டையும். மூன்று முறை விடுமுறைக்குப் போயும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அடுத்த முறை, அடுத்த முறை.

மறுநாள் காலை பொட்டலங்களைப் பிரித்தோம். ஒரு பையனுடையதில் மஞ்சளும் ஊதாவும் கலந்து சேற்று நிறமாகிவிட்டது. அவன் பனியனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "காட்டு, காட்டு" என்று மற்றவர்கள் கத்தினார்கள்.

"அந்த ரெண்டையும் பக்கத்துல ஊத்தக் கூடாதுன்னு நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. மீதியிருந்த வெள்ளைப் பனியனை நீட்டினேன். வாங்கியவன் அங்கேயே உட்கார்ந்து முறுக்கத் தொடங்கினான்.