பத்து சென்டிமீட்டர்

அண்ணன் இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டான். படம் எடுப்பது என் வேலை என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. என்னிடம் இருப்பது 2012இல் வந்த கேனன் 6டி கேமரா, அதோடு எஃப் 4 ஜூம் லென்ஸ் ஒன்று. எஃப் எண் குறையக் குறைய லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் கூடும்; நாலு அப்படியொன்றும் குறைவில்லை. பகலில் குறையே சொல்ல முடியாது. ஆனால் சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் விடியற்காலை மூன்று மணிக்கு, கூடாரத்து டியூப் லைட் வெளிச்சத்தில் அதை நம்ப முடியாது. போன முறை மாமா மகன் பால்குடம் எடுத்தபோது நாற்பது படத்தில் நாலுதான் தேறியது.

ஆக, ஒரு 50 மிமீ பிரைம், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ். அதில் குழப்பமில்லை. எஃப் 1.8ஆ, 1.4ஆ என்பதில்தான் ஒரு மாதம் போனது. 1.2 பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. 35 மிமீ எஃப் 2 கூட்டத்துக்குள் வசதிதான், ஆனால் முகத்துக்குக் கிட்டப் போனால் மூக்கை இழுத்துக் காட்டும். அண்ணனுக்கு ஏற்கெனவே மூக்கு பெரிது.

மனசு 1.4 பக்கமே சாய்ந்தது. பழையது ஒன்று 280 வெள்ளிக்கு இருப்பதைப் பார்த்து, விற்பவரைச் செங்காங் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்தித்தேன். இரண்டு மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கோடுகள். பூஞ்சை. இந்த ஊர் ஈரத்தில் ஈரம் உறிஞ்சும் டிரை கேபினட் இல்லாமல் துணி அலமாரியில் லென்ஸைப் போட்டு வைத்தால் இதுதான் கதி. "தூசிதான்" என்றார் அவர். தூசிக்குக் கிளை முளைக்காது. திரும்பி வந்துவிட்டேன்.

கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் தன் 1.4ஐ ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். 1993இல் வந்த லென்ஸ், 290 கிராம், கையில் வைத்தாலே ஒரு கெத்து. இனி இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அம்மா சமையலறையில் வேலாயுதத்தையும் சொம்பையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் சோதனை. 1.8ஐவிட 1.4இல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் வெளிச்சம் வரும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. கேமராவின் உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணில் அது 5000க்கும் 3200க்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். 6டி அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் 1.4இல் தெளிவாக விழுவது மூன்று சென்டிமீட்டர் சொச்சம். அம்மாவின் இமை தெளிவு, காது மங்கல். 6டியில் இருட்டில் நம்பத் தகுந்தது நடு ஃபோகஸ் புள்ளி ஒன்றுதான். அதில் கண்ணைப் பிடித்துவிட்டுக் கேமராவைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், அந்த மூன்று சென்டிமீட்டரும் கைவிட்டுப் போய்விடும். பித்தளையில் விளக்கு மின்னும் இடத்தில் வேறு புகை படிந்த மாதிரி ஒரு மினுமினுப்பு. எஃப் 2க்கு வந்ததும் அது அடங்கியது. எஃப் 2இல்தான் எடுக்கப் போகிறேன் என்றால் 1.4க்கு எதற்குக் காசு?

அப்போதும் ஆசை விடவில்லை. விடவைத்தது அம்மாவின் விரல். புளி ஊறிய நுனிவிரலை எடுக்கக் கிட்டப் போனேன், லென்ஸ் முன்னும் பின்னும் தேடிவிட்டு நின்றுவிட்டது. அதற்கு 45 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. 1.8இன் புதிய பதிப்பான எஸ்டிஎம் 35 வரை போகும்.

சிட்டி ஹால் பக்கம் போய்ப் புதிது வாங்கினேன். கடைக்காரர் முதலில் பழைய 1.8 இரண்டாம் பதிப்பை எடுத்து நீட்டினார். 1990இல் வந்தது, கேமராவில் மாட்டும் வளையம் பிளாஸ்டிக், அதுவும் 45 சென்டிமீட்டர்தான். 2015இல் வந்த எஸ்டிஎம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். 160 கிராம். பெட்டி காலியோ என்று ஒருமுறை குலுக்கிப் பார்த்தேன்.

தைப்பூசத்தன்று எஃப் 2, ஷட்டர் 1/125 வினாடி, ஐஎஸ்ஓ 6400. அலகு குத்துவதற்கு முன் மாமா அண்ணன் கன்னத்தில் விபூதி பூசியபோது, அவர் முழங்கைக்குக் கீழே நுழைந்து எடுத்தேன். விபூதி உதிர்வதுவரை படத்தில் விழுந்திருக்கிறது. ஆனால் "வேல் வேல்" முழக்கத்தில் அண்ணன் காவடியோடு சுழன்றபோது எடுத்த ஏழும் கலங்கிவிட்டன. 1.4 இருந்திருந்தால் ஷட்டரை இன்னும் வேகமாக வைத்து ஒன்றிரண்டு தேறியிருக்கும். ஊர்வலம் டேங்க் ரோடு முருகன் கோயில் போய்ச் சேரும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் செங்காங் லென்ஸ் இன்னும் விற்கவில்லை. நேற்றுப் பார்த்தேன், நாற்பது வெள்ளி குறைத்திருக்கிறார். "லேசான தூசி" என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்.