விடிகாலையில் மட்டும் பற்றாத ஹீட்டர்

தைப்பொங்கல் கழிந்து நான்காம் நாள், காலை ஐந்தரை மணி. குளியலறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “தம்பி, இது என்ன, மலைப் பீலியின் குளிர்தண்ணீரையே திறந்துவிட்டிருக்கிறாயா?”

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் பாதையில் இருக்கிறது எங்கள் வீடு. நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லின் மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி படிந்திருக்கும். வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்தில், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறு எரித்து அண்டாவில் தண்ணீர் காய்ச்சினோம். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயதான பிறகு அந்த வேலை வேண்டாமென்று ஆறு லீற்றர் கேஸ் ஹீட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். மூன்று வருடம் முணுமுணுக்காமல் வேலை செய்தது. அந்தக் காலையில்தான் கையை விரித்தது.

இந்த வகை ஹீட்டர் எப்படிப் பற்றுகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். குழாயைத் திறந்ததும் ஓடிவரும் தண்ணீர் உள்ளே ஒரு றப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு ஒரு சின்ன சுவிட்சைத் தட்டுகிறது. டிக் டிக் என்று பொறி பறக்கிறது, கேஸ் வால்வு திறக்கிறது, தீ பற்றுகிறது. பற்றியதா என்று ஒரு கம்பி வேவு பார்க்கிறது; பற்றவில்லை என்றால் சில விநாடிகளில் கேஸை மூடிவிடுகிறது. இத்தனைக்கும் கரண்ட் தருவது இரண்டு பெரிய டோர்ச் பெட்டரிகள்தான்.

எனவே முதலில் பெட்டரிப் பெட்டியைத் திறந்தேன். ஒரு முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. சுரண்டித் துடைத்துவிட்டுப் புதிய ஜோடியைப் போட்டேன். டிக் சத்தம் வரவில்லை. எதற்கோ ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் திறந்து பார்த்தேன். அப்போது மட்டும் இரண்டு முறை டிக் என்றது. அதிலிருந்து புரிந்தது, தண்ணீருக்கு வேகம் போதவில்லை.

பத்து மீற்றர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் தரும். எங்கள் தொட்டி ஷவருக்கு மேலே இரண்டரை மீற்றர்தான், அதாவது கால் பார். ஹீட்டரின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் குறைந்தது 0.2 பார் வேண்டும் என்று எழுதியிருந்தது. இத்தனை நாளும் மயிரிழையில்தான் ஓடியிருக்கிறது! தண்ணீர் நுழையும் இணைப்பைக் கழற்றினேன். உள்ளே விரல் நுனி அளவில் ஒரு கம்பி வலை, தெரியாதபடி செம்மண் அப்பியிருந்தது. நடுவில் ஒரு பாசித் துணுக்கு, சுருண்ட ஒரு தேயிலைச் சருகு. எங்கள் தண்ணீர் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருகிறது. மழை பெய்தால் மண்ணையும் கூட்டிக்கொண்டுதான் வரும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். கிண்ணத்துத் தண்ணீர் பிளேன்டீ நிறத்துக்கு வந்தது. மாட்டித் திறந்தேன். டிக் டிக் டிக், தீ! ஏழு எண்ணுவதற்குள் அணைந்தது. மறுபடி திறந்தால் மறுபடி ஏழு விநாடி.

மறுநாள் ஒரு திருத்துனரை அழைத்தேன். மூடியைக் கழற்றாமலே முன்பக்கக் கண்ணாடியால் பார்த்தார். “உள்ளேயிருக்கும் சர்க்கிட் போர்ட் போய்விட்டது அண்ணன். இதற்குச் செலவழிப்பதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்” என்றார். வந்து போனதற்குக் கூலி வாங்கிக்கொண்டார். மூடியைக் கழற்றாமல் சொல்லும் தீர்ப்பை நான் நம்புவதில்லை, அது ஹீட்டர் என்றாலும் மனிதர் என்றாலும்.

அன்றிரவு டொரொன்டோவிலிருந்து மச்சான் பேசினான். என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “மச்சான், போன மாதம் எங்கள் வீட்டு ஃபர்னஸும் இதையேதான் செய்தது. வெளியே மைனஸ் பதினெட்டு. உள்ளே குளிர்காற்றை ஊதிக்கொண்டிருந்தது.” அங்கே வீடு முழுவதற்கும் நிலக்கீழ் அறையில் ஒரு கேஸ் உலை இருக்குமாம், அது காற்றைச் சூடாக்கி மின்விசிறியால் அறை அறையாக அனுப்பும். முதலில் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டில் விசிறி எப்போதும் ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தான். அப்படியிருந்தால் தீ இல்லாத நேரத்திலும் வெறும் காற்று வரும். அடுத்து காற்று வடிகட்டி. அதில் தூசி அடைத்தால் உலை மிதமிஞ்சிச் சூடேறி, பாதுகாப்புச் சுவிட்ச் தீயை நிறுத்திவிடும். விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. கடைசியில் பார்த்தால் தீயை வேவு பார்க்கும் கம்பியில் சாம்பல் பூச்சு. “தீ பற்றியும் கம்பிக்குத் தெரியவில்லை. பற்றவில்லை என்று நினைத்து அணைத்துவிட்டது. உங்களுடையதும் அதுதான், பாருங்கள்.”

குளிர்காற்றை ஊதும் கனடா உலைக்கும் குளிர்நீர் ஊற்றும் எங்கள் பெட்டிக்கும் ஒரே நோய். தீச்சுவாலை வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். மைக்ரோ அம்பியர் கணக்கு. கம்பியில் படலம் ஏறினால் அந்தக் கொஞ்சமும் பாயாது. சிலிண்டரை மூடி, பெட்டரியைக் கழற்றிவிட்டு, ஹீட்டரின் மூடியை எடுத்தேன். பர்னரின் மேல் பின்னல் ஊசிபோல் இரண்டு கம்பிகள். பொறி தருவது ஒன்று. மற்றது பழுப்பேறிச் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. அன்று மதியம் தண்ணீர் கொதிக்காத குறை. வெற்றி என்று மச்சானுக்குச் செய்தி அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு அம்மா மறுபடி கூப்பிட்டார்.

பகல் முழுவதும் நன்றாக எரியும், விடியலில் பற்றாது. பற்றினாலும் வாடிய தீ. கைக்கு வெதுவெதுப்பாக வந்து நீலம் சுருங்கி அணைந்துவிடும். உள்ளே துடைப்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். சுவரோரம், பகலில்கூட வெயில் விழாத இடத்தில் 12.5 கிலோ சிலிண்டர் நின்றது. அடியிலிருந்து நான்கு விரல் உயரம் வரை வியர்த்து நனைந்திருந்தது. அதற்கு மேல் உலர்ந்த இரும்பு. கோடு கிழித்ததுபோல் எல்லை. நனைந்த இடத்தில் கை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கோடுதான் உள்ளே திரவம் நிற்கும் மட்டம். சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். 2021 இறுதியில் நாட்டில் அடுப்புகள் வெடித்தபோது இந்தக் கலவை விகிதம் பற்றி எல்லோரும் வாய் வலிக்கப் பேசினார்கள். குளிரில் அது என்ன செய்யும் என்று மலைநாட்டுக்காரர்கள் நாங்கள் யோசிக்கவில்லை. புரோப்பேன் மைனஸ் 42 பாகையிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்குப் பூச்சியத்தை ஒட்டிய சூடாவது வேண்டும். இலகுவாக ஆவியாவது முதலில் போய்விடுவதால் சிலிண்டர் தீரத் தீர அடியில் பியூட்டேன்தான் கூடுதலாக மிஞ்சும். ஆவியாகும்போது திரவம் தன் சூட்டையே இழந்து இன்னும் குளிரும். எங்கள் ஹீட்டர் மணிக்கு ஒரு கிலோ அளவில் கேஸ் குடிக்கும். விடியல் குளிரில், கால்வாசி சிலிண்டரால் அந்த வேகத்துக்கு ஆவி தர முடியவில்லை.

போர்வை சுற்றலாமா என்று மனைவி கேட்டாள். அது வெளிக்காற்றின் சூட்டையும் தடுத்துவிடும். கொதிநீர் ஊற்றுவதோ பக்கத்தில் நெருப்பு வைப்பதோ நினைத்தே பார்க்கக் கூடாது. குளியலறைக்குள் கொண்டுபோய் வைக்கும் யோசனையையும் கைவிட்டேன்; இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஹீட்டரின் புகையும் உள்ளே தங்கக் கூடாதென்று அதன் குழாயை மாட்டிய அன்றே சுவருக்கு வெளியே விட்டிருக்கிறேன்.

செய்தது எளிய வேலை. சமையலறை அடுப்பின் சிலிண்டர் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதை ஹீட்டருக்கு மாற்றினேன், ஹீட்டரின் கால்வாசியை அடுப்புக்குக் கொடுத்தேன். அடுப்பின் ஒரு பர்னர் மணிக்கு 200 கிராம் அளவில்தான் எரிக்கும். அந்த மெதுவான வேகத்துக்கு மிச்சக் கேஸ் போதும். ஹீட்டருக்குரியதைக் காலை வெயில் விழும் கிழக்குச் சுவருக்கு நகர்த்தினேன். ரெகுலேட்டரை மாட்டியதும் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று இரண்டு இணைப்பிலும் பார்த்தேன்.

இப்போது பாதி தீர்ந்த சிலிண்டர் சமையலறைக்குப் போகும், புதியது ஹீட்டருக்கு வரும். மாதம் ஒருமுறை கம்பி வலையைக் கழுவுகிறேன். நேற்றும் கிண்ணத்தில் பிளேன்டீ நிறம்தான். அம்மா, ஷவரைச் சற்றுக் குறைத்துவைக்கும்படி கேட்கிறார், தோல் சுடுகிறதாம்.